பூட்டிய அறைகளும் ஜெசிந்தாவும்

வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே விலை கேட்பதுதான் எங்கள் தொழில். கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான் என்று அப்பா சொல்வார், அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் பைபாஸ் பக்கம் ஒரு பெரிய கிட்டங்கி இருந்தது. வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள். வெங்காய வியாபாரி, துணி வியாபாரி, சமையல் கான்ட்ராக்டர் என்று யார் வேண்டுமானாலும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சாமானை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். சிலர் பூட்டிவிட்டுப் போவார்கள், திரும்பி வரவே மாட்டார்கள். நோட்டீஸ் மேல் நோட்டீஸ் போட்டும் ஆள் வராவிட்டால், மாசக் கடைசிச் சனிக்கிழமை அந்த அறையைப் பூட்டோடு ஏலம் விடுவார்கள். பூட்டோடு என்றால் உள்ளே இருக்கும் எல்லாச் சாமானும், உடைத்த பூட்டும் சேர்த்து ஒரே விலை. நல்லதை எடுத்துக்கொண்டு குப்பையை விட்டுவிட்டுப் போகிற பேச்சே கிடையாது.

ஏலம் விடுபவர் மேனேஜர் காதர் பாய். ஷட்டர் ஏறியதும் அவர் கைக்கு ஒரு கிளாஸ் டீ வரும். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் பார்க்கலாம். வாசற்படியைத் தாண்டக் கூடாது, எதையும் தொடக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது. காலி கிளாஸ் கீழே வைக்கப்பட்டால் பார்வை நேரம் முடிந்தது, விலை கேட்க வேண்டியதுதான்.

பேகம்பூரில் அப்பாவுக்குப் பழைய சாமான் கடை. அவருக்கு மூட்டு வலி வந்து வெயிலில் நிற்க முடியாமல் போனதால், பி.காம். முடித்து வீட்டில் இருந்த என்னை ஏலத்துக்கு அனுப்பினார். அனுப்பும்போதே ஒரு கெடுவும் வைத்தார். "வர்ற தைக்குள்ள ஒரே ஒரு உருப்படியான ரூம் எடுத்துட்டு வாத்தா. இல்லாட்டி முருகேசன அனுப்பிடுறேன், நீ கடையில உக்காந்து பில்லுப் போடு." முருகேசன் என் அத்தை மகன். நான் கூச்ச சுபாவம் உள்ளவள், கடைக்குள் உட்காருவதுதான் எனக்கு வசதி என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கோ முதல் ஷட்டர் கரகரவென்று ஏறி, உள்ளே அடைபட்டிருந்த புழுக்கம் முகத்தில் அடித்த நிமிஷத்திலேயே இந்த வேலையை விடக் கூடாது என்று தோன்றிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் காதில் விழுந்திருக்காது.

இந்த நிலைமையில்தான் அங்கே ஜெசிந்தாவைப் பார்த்தேன். கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பு. நான் முதல் பெஞ்சு, அவள் கடைசி பெஞ்சு. மூன்று பேப்பர் அரியர்ஸ். அவளும் தன் அப்பாவின் காயலான் கடைக்காக ஏலம் கேட்க வந்திருந்தாள். உங்களோடு படித்து, உங்களைவிடக் குறைவாக மார்க் வாங்கி, உங்களைவிட நன்றாகப் பிழைக்கிற ஒருத்தியைப் பார்த்து நீங்கள் எப்போதாவது புன்னகை செய்திருந்தால், அந்தப் புன்னகை கன்னத்தில் எந்த இடத்தில் வலிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒருத்தி வாய்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களும் படிக்கலாம்.

மனசுக்குள் கேட்ட விலை

முதல் சனிக்கிழமை. இருபது ஆண்கள், நானும் ஜெசிந்தாவும். ஷட்டர் ஏறிய அறையில் பார்த்த இடமெல்லாம் சாக்கு மூட்டை. பழைய துணி என்று எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே நாலு விரல்கடை இடைவெளி இருந்தது. அதில் கறுப்பாக, வளைவாக, பளபளவென்று ஏதோ தெரிந்தது. தையல் மிஷினின் சக்கரம்! என் நெஞ்சு அடித்த சத்தம் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்கும். ஆனால் நான் கேட்ட விலை கேட்கவில்லை. "ஆயிரம்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். காதர் பாய் என்னைத் தாண்டி யாரையோ பார்த்துக்கொண்டு, "கேளுங்கப்பா, கேளுங்க" என்றார். மறுபடியும் "ஆயிரம்" என்றேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற குரலில், "ஆயிரத்து நூறு!" என்றாள்.

அறை அவளுக்குப் போயிற்று. மூட்டைகளை நகர்த்தியபோது, ஒன்றல்ல, மூன்று தையல் மிஷின்கள். அவள் ஒவ்வொன்றையும் வண்டியில் ஏற்றும்வரை நான் நின்று பார்த்தேன். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள். பல்வலி வந்தால் அந்தப் பல்லையே நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில்லையா, அது போலத்தான். கடைசியில் காதர் பாயிடம் போய், நான்தான் முதலில் கேட்டேன் என்று முறையிட்டேன். அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தாயி, மனசுக்குள்ள வேண்டுனா ஆண்டவனுக்குக் கேக்கும். ஏலம் விடுறவன் நானு. எனக்கு வாயத் தொறந்து சொல்லணும்."

சூடான டீ

குரலை ஒரு மாதத்தில் வளர்க்க முடியாது. எனவே மூளையைப் பயன்படுத்தினேன். டீ குடிக்கும் நேரம்தானே பார்க்கும் நேரம்? டீ சூடாக இருந்தால் நேரம் கூடும். நேரம் கூடினால் என்னைப் போல நிதானமாகப் பார்ப்பவளுக்கு லாபம். இது ஜெசிந்தாவுக்குத் தோன்றாது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அடுத்த மாதம் ஏலத்துக்கு முன்பே டீக்கடைக்குப் போய், "அண்ணே, காதர் பாய்க்குப் போற டீய நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் குடுங்க" என்றேன். மாஸ்டர் "என்னம்மா?" என்றார். மூன்றாவது தடவை அவருக்குப் புரிந்தது.

காதர் பாய் ஒரு வாய் வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று கிளாஸைத் தள்ளிப் பிடித்தார். ஊதினார். துண்டால் கிளாஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறுபடியும் ஊதினார். அத்தனை நேரமும் ஷட்டர் திறந்தே இருந்தது. நான் நிதானமாகப் பார்த்தேன். எனக்குத் தோன்றாமல் போனது என்னவென்றால், மற்ற இருபது பேரும் நிதானமாகப் பார்த்தார்கள். ஒருவர் மூலையில் பீரோவைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் பரணில் மூன்று மேசை விசிறிகளை எண்ணினார். சும்மா வேடிக்கை பார்க்க வருகிற ஒட்டன்சத்திரத்து அண்ணாச்சிகூட, "ஏனுங்க, அங்க ஒரு கட்டில் காலு தெரியுதுங்களே" என்று விலை கேட்கத் தொடங்கிவிட்டார். வழக்கமாக ஆயிரத்துக்குப் போகிற மாதிரி அறை நாலாயிரத்தில் முடிந்தது. நான் வாயே திறக்கவில்லை.

திரும்பும்போது ஜெசிந்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள். நான் மூன்று தடவை சொல்லிப் புரியவைத்த ரகசியத்தை அந்த டீ மாஸ்டர், கேட்காமலேயே அவளிடம் சொல்லியிருந்தார். அவளிடம் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். அதுவும் எனக்குப் பொறுக்காது. அவள் என் காதருகே குனிந்து, "ஏன்டி, டீயச் சூடாக்கச் சொன்னியா, ஏலத்தச் சூடாக்கச் சொன்னியா?" என்றாள்.

பூட்டு

ஆடி மாதத்தில் முதன்முறையாக ஓர் அறை எனக்கு விழுந்தது. யாரும் போட்டிக்கு வராததால் விழுந்தது. அன்றைக்கு ஏலம் தொடங்கவே தாமதம். அந்த அறையில் தொங்கியது பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. கிட்டங்கி ஆள் சம்மட்டியால் அரை மணி நேரம் அடித்தும் அது அசையவில்லை. கடைசியில் பூட்டை விட்டுவிட்டு ஷட்டரின் கொண்டியை அறுத்தார்கள். அவ்வளவு பாதுகாப்பாகப் பூட்டி வைத்த அறைக்குள் இருந்தவை கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலிகளுக்குப் பின்னால் ஏதாவது இருக்கும் என்று நம்பினேன். பின்னாலும் நாற்காலிகள்.

வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா வந்து, "அந்தப் பூட்டு ஒனக்கு வேணுமாடி?" என்று கேட்டாள். சாவி இல்லாத பூட்டு, மேலெல்லாம் சம்மட்டித் தழும்பு. என் குப்பையிலும் இவளுக்குப் பங்கு வேண்டுமா என்ற எரிச்சலில், "எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் அதைப் பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சாவி போட்டு வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் கிட்டங்கிக்குப் போனேன். ஆபீஸ் கதவில் என் பூட்டு, எண்ணெய் பூசித் தொங்கிக்கொண்டிருந்தது. என் நாற்காலிகள் மொத்தமும் விற்ற காசைவிட அந்தப் பூட்டு ஒன்றுக்கே அவளுக்கு அதிகம் கிடைத்திருந்தது. ஒரு பழைய பூட்டுக்கு இவ்வளவு விலையா என்று காதர் பாயிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "எங்க ஆளு அரை மணி நேரம் அடிச்சும் தொறக்கலையேம்மா. இதுக்கு மேல ஒரு சர்ட்டிபிகேட்டு வேணுமா?"

தபாலும் பஸ்ஸும்

சர்ட்டிபிகேட் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஆவணியில் நான் எடுத்த இன்னொரு குப்பை அறையில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. அதற்குள் யாரோ ஒருவருடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஜாதகம், குடும்ப போட்டோ. நான் மனசாட்சி உள்ளவள். எல்லாவற்றையும் உறையில் போட்டு, ஒரு பண்பான கடிதமும் எழுதி, பெட்டியில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேரில் போய்ப் பேச வேண்டாமே என்ற நிம்மதியும் இருந்தது. மூன்று வாரத்தில் உறை திரும்பி வந்தது. விலாசதாரர் இல்லையாம்.

அதே ஆவணியில் ஜெசிந்தாவுக்கும் அப்படி ஒரு பெட்டி கிடைத்தது. கன்னிவாடிக்காரர் ஒருவருடைய நிலப் பத்திரங்கள். அவள் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கன்னிவாடியில் இறங்கி, கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டு, அந்த ஆளைத் தென்னந்தோப்பில் கண்டுபிடித்திருக்கிறாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். இதை அவள் பெருமைக்காகச் சொன்னாள் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொன்னது சாப்பாட்டைப் பற்றித்தான். "செத்த நேரம் இருத்தான்னு ஒக்கார வச்சு, நாட்டுக்கோழி அடிச்சு, மூணு வெஞ்சனம் வச்சுட்டாங்கடி. வரும்போது ஒரு குலை எளநி வேற. ஆமா, நீ தபால்ல அனுப்புனியே, ஒனக்கு என்ன அனுப்புனாங்க?"

குடையும் கொடையும்

நடுவில் ஒரு தை வந்து போனது. அப்பா கெடுவை மறந்தது போல இருந்தார். மறக்கவில்லை, "சரி, ஒரு வருசம் பழகட்டும், அடுத்த தைதான் கடைசி" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அந்தப் பயத்தோடு சித்திரை மாத ஏலத்துக்குப் போனேன். ஷட்டர் ஏறியது. அறை நிறைய அட்டைப் பெட்டிகள், ஈரம் படாமல், ஓரம் கசங்காமல். ஒவ்வொரு பெட்டியிலும் சாக்பீஸால் "கொடை" என்று எழுதியிருந்தது.

கிட்டங்கி லோடுமேன்கள் பேசுகிறபடியே எழுதுவார்கள். பக்கத்து அறையில் "வெங்காயம்" என்பதற்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை. நம் ஊரில் குடையைக் "கொட" என்றுதானே சொல்கிறோம்? பாவம், படிக்காத ஆள், "குடை" என்று எழுதத் தெரியவில்லை என்று நான் மனசுக்குள் சிவப்பு மையால் திருத்தினேன். அறை நிறையக் குடை! வெளியே தார் ரோடு உருகுகிற வெயில். கடை வாசலில் விரித்து வைத்தாலே போதும், ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். ஜெசிந்தா விலை கேட்டாள். நான் ஏற்றினேன். அவள் ஏற்றினாள். நான் மறுபடியும் ஏற்றினேன். அன்றைக்கு என் குரல் காதர் பாய்க்கு முதல் தடவையே கேட்டது. ஜெசிந்தா ஒரு கட்டத்தில் தோளைக் குலுக்கிவிட்டு விலகிக்கொண்டாள். அத்தனை மாதங்களில் நான் அவளை முந்திய முதல் நாள். பெட்டிகளோடு வண்டியில் உட்கார்ந்து வரும்போது வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கடையில் முதல் பெட்டியை அப்பாதான் பிரித்தார். உள்ளே இருந்தவை குரங்குக் குல்லாய்கள். அடுத்த பெட்டியில் கம்பளிக் கையுறை. அதற்கடுத்ததில் மஃப்ளர். கொடைக்கானலுக்குப் போக வேண்டிய சரக்கு. எழுதியவர் ஒரு பிழையும் விடவில்லை. சித்திரை வெயிலில், பேகம்பூரில், கடை வாசலில் குரங்குக் குல்லாயைத் தொங்கவிட்டோம். வாளி வாங்க வந்த விவசாயி ஒருவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏத்தா, இது வெளிய இருக்குற வெயில உள்ள விடாம இருக்கவா, உள்ள இருக்குற சூட்ட வெளிய விடாம இருக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்து நாள் பொறுத்த அப்பா, நான் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாப் பெட்டிகளையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கியவள் ஜெசிந்தா. அவள் அவற்றைக் கொடைரோடு ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுபோய், விடிகாலை ரயிலில் வந்திறங்கி மலைக்கு பஸ் பிடிக்கிற சீசன் கூட்டத்திடம் நாலே நாளில் விற்றுத் தீர்த்தாள். பருத்திச் சேலையும் அரைக்கை சட்டையுமாக வந்தவர்கள் போட்டி போட்டு வாங்கினார்களாம். எப்படித்தான் உனக்குத் தோன்றியது என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். அவள் கொஞ்சம் ஆச்சரியமாக என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பெட்டி மேல கொடைன்னு எழுதியிருந்துச்சே. நீ படிக்கலையா?"

பசி

மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை. தைக்கு முன்னால் எனக்கிருந்த கடைசி ஏலம். அப்பா முருகேசனையும் கூட அனுப்பினார், "சும்மா பாத்துக்கிறட்டும்" என்று. அவன் ஸ்கூட்டரை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். ராத்திரியெல்லாம் தூங்காமல் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். என் கண் பார்த்து எடுத்ததெல்லாம் நாற்காலி, குல்லாய். ஜெசிந்தா எடுத்ததெல்லாம் பொன். ஆகவே அறையைப் பார்த்துப் பயனில்லை. அவளைப் பார்க்க வேண்டும். அவள் முகத்தில் ஆசை தெரிந்தால் கேட்க வேண்டும், தெரியாவிட்டால் விட வேண்டும்.

ஷட்டர் ஏறியது. டீ வந்தது. நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன். அப்போதும் பார்த்தாள். நானும் விடவில்லை. அவள் புருவத்தை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். காதர் பாய் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கிளாஸ் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "என்னம்மா ரெண்டு பேரும்? ரூம் அங்கிட்டு இருக்கு" என்றார் அவர். ஒரு டீ நேரம் முழுக்க இரண்டு பேருமே அறைப்பக்கம் திரும்பவில்லை. நான் அவசரமாகத் திரும்பினேன். வாசலை அடைத்துக்கொண்டு தேங்காய் நார் மூட்டைகள். என்ன கேட்பது? ஜெசிந்தாவும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருப்பதைப் பார்த்த மற்றவர்கள், சுத்தக் குப்பை போலிருக்கிறது என்று அவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள். அந்த அமைதியில் ஸ்கூட்டரில் இருந்து முருகேசன், "எண்ணூறு" என்றான். அவனுக்கே விழுந்தது.

நார் மூட்டைகளுக்குப் பின்னால் ஒன்பது தேக்சாக்கள் இருந்தன. ஐம்பது பேருக்கும் நூறு பேருக்கும் பிரியாணி ஆக்குகிற, உள்ளே ஈயம் பூசிய, கனத்த செம்புத் தேக்சாக்கள். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒன்றைத் தூக்க முடிந்தது. வீட்டில் அப்பா ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, அந்த ஓசையைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "கைராசிக்காரன்டா நீ" என்று அவன் முதுகில் தட்டினார். கைராசி! நான் பி.காம். படித்து, வெயிலில் நின்று, கண் வலிக்க வலிக்கப் பார்த்த இரண்டு வருடத்தை அந்த ஒரு வார்த்தை தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஜெசிந்தாவின் மேல் இருந்த பொறாமையை எல்லாம் பாதியாகப் பிரித்து அவனுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். முருகேசன் நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னான்: "நான் என்னத்தக் கண்டேன்? பசிச்சுச்சு. யாருமே பேசாம நின்னீங்களா, சட்டுனு முடிச்சுட்டு வீட்டுக்குப் போவோம்னு ஒரு வெலையச் சொன்னேன்."

கண்ணும் வாயும்

தை பிறந்தது. சொன்னபடி அப்பா என் கையில் பில் புத்தகத்தைக் கொடுத்தார். கடையில் நிழல் இருந்தது, மேலே விசிறி இருந்தது, சத்தமாகப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வாளிக்குப் பில் எழுதும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது. வாளி வாங்கியவர் விலை கூடுதலோ என்று பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் ஜெசிந்தா வந்தாள். என்னுடைய இந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, தலையை நிமிர்த்தாமல் எழுதினேன். அவள் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அன்னைக்கு ஏன்டி ரூமப் பாக்கல?" என்றாள்.

"நீ ஏன் பாக்கல?"

"நான் என்னைக்குடி பாத்தேன்? இருட்டுக்குள்ள எல்லாம் ஒண்ணு போலத்தான் எனக்குத் தெரியுது. நீ பாப்ப. ஒன் கண்ணு அப்படியே ஒரு எடத்துல போயி ஒட்டிக்கிரும். அந்தத் தையல் மிஷினு எனக்கு எங்கிட்டுத் தெரிஞ்சுச்சு? ரெண்டு மூட்டைக்கு நடுவுல நீ முழிச்சுக்கிட்டு நின்ன. சரி, அங்க என்னமோ இருக்குன்னு கேட்டேன். பூட்டும் குல்லாயும் வேற கதை; அது நீ கைவிட்டது. ரூமு எல்லாம் ஒன் கண்ணு பாத்ததுதான்டி."

என் பேனா நின்றுவிட்டது. இரண்டு வருடம் என்னை வைத்தே என்னைத் தோற்கடித்திருக்கிறாள். எழுந்து அவள் முடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, யாரோ ஒருத்தி என் கண்ணை நம்பிப் பணத்தைக் கட்டியிருக்கிறாள் என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் முதல் வகுப்பில் தேறியபோதுகூட ஏற்பட்டதில்லை. அவள் அண்டாவில் தாளம் போட்டுக்கொண்டே, "ஒங்கப்பாவுக்குத்தான நீ வேணாம்? எனக்கு வேணும். சனிக்கிழம வா. நீ பாரு, நான் கத்துறேன். வர்றதுல பாதிப் பாதி" என்றாள். பதில் சொல்ல எனக்கு ஒரு டீ நேரம்கூடத் தேவைப்படவில்லை. பில் புத்தகத்தை மூடிக்கொண்டு போய் உள்ளே அப்பாவின் முன்னால் வைத்தேன், விஷயத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், வாசலில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். நம் கடைக்கு எதிராகவே விலை கேட்கப் போகிறாயா என்று சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "போறதுன்னா போ. ஆனா அங்க முருகேசனுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லிக் குடுத்துறாத. அவன் எதையும் பாக்காமத்தான் எடுக்குறான், பாத்தான்னா கெட்டுப் போயிருவான்."

அதற்குப் பிறகு நாங்கள் எடுத்த அறைகளில் லாபத்தில் பாதி ஜெசிந்தாவுக்கு, நஷ்டத்திலும் பாதி ஜெசிந்தாவுக்கு, பொறாமை மட்டும் இன்றுவரை முழுசாக என் பங்கு.